கண்மணி விரியும் வரை

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கண்மணி விரிய வேண்டும். அதற்கான சொட்டு மருந்தைப் போடுவது என் வேலை. பெரியவர்களுக்கான மருந்தின் வீரியத்தைக் குறைத்து, புட்டியில் தேதி எழுதி, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும். சற்று நேரம் கழித்து மறுபடியும். பிறகு காத்திருக்க வேண்டும். தாய்மார்களோடு நான் பேசியதெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான்.

எண்பதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. கோலாலம்பூரில் கண் பிரிவுத் தாதிக்கான பயிற்சியை முடித்துவிட்டு ஈப்போ மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தேன். எழுபதுகளில் நான் பயிற்சித் தாதியாகச் சேர்ந்தபோது இவ்வளவு சிறிய குழந்தைகள் பிழைப்பது அரிது. பிறகு நல்ல வெப்பப்பெட்டிகள் வந்தன, ஆக்ஸிஜன் வந்தது, குழந்தைகள் பிழைத்தன. பிழைத்ததால் இந்த நோயும் வந்தது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது. பிறந்தபின் சில குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து, சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். பிய்ந்தால் பார்வை போச்சு. அதற்கு முன் ஒரு குறுகிய காலம் இருக்கிறது. அதற்குள் ஏதாவது செய்யலாம். செய்தாலும் எல்லாக் கண்ணும் தப்புவதில்லை.

அந்தத் தம்பதி சித்தியவானுக்கு உள்ளே ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட தோட்டம். அவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அவளுக்கு என்னைவிடச் சற்று வயது கூட. அதற்கு முன் தரித்தது எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. இவன்தான் முதலில் உயிரோடு கைக்கு வந்தவன். ஆறு மாதம் முடிந்த கையோடு பிறந்து, வெப்பப்பெட்டியில் கிடந்து தேறியிருந்தான்.

முதல் பரிசோதனையன்று சொட்டு விட்டுவிட்டு வேறு கட்டில் பக்கம் போயிருந்தேன். அவள் கூப்பிட்டாள். தாதியை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸி, இங்க வாங்களேன்! இவன் கண்ணப் பாருங்க. எவ்ளோ பெருசா, கறுப்பா ஆயிருச்சி! இன்னிக்கிதான் முழிச்சிப் பாக்குறான்."

"அது மருந்து செய்யிற வேலக்கா. நாளைக்குப் பழையபடி ஆயிரும்."

"பழையபடி எதுக்கு ஆவணும்? இப்படியே இருக்கட்டும்லா."

கணவர் எட்டிப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு சொட்டு போடுங்க மிஸி. லோரி ஓட்டறப்ப நல்லா தெரியும்."

"போட்டா எல்லாம் மங்கலாயிரும்ணே. நேரா கால்வாய்லதான் போயி விழுவீங்க."

"இப்பவே அப்படித்தான் ஓட்டறாரு" என்றாள் அவள்.

மருந்துதான் சிகிச்சை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கண் பெரிதானது அவளே பார்த்த விஷயம். விழித்திரை நாங்கள் சொன்ன விஷயம். இரண்டில் எதை நம்புவாள்?

எங்கள் மருத்துவர் சீனர், அதிகம் பேசாதவர். இரண்டு கண்ணிலும் நோய் முற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டது, தாமதிக்கக் கூடாது என்றார். அன்று எங்களிடம் இருந்த வழி உறைய வைப்பது ஒன்றுதான். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, இமைகளைக் கம்பியால் விலக்கி, கடுங்குளிரான ஓர் உலோக முனையை விழியின் வெளிப்புறத்தில் வைத்து அழுத்துவார்கள். உள்ளே விழித்திரையின் ஓரம் வெள்ளையாக உறையும். எடுத்து, நகர்த்தி, மறுபடியும். விழியைச் சுற்றிலும் அப்படியே. அந்த ஓரத்தை அழித்தால் நடுப்பகுதியாவது தப்பும் என்பது கணக்கு. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அது என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

இமைகள் வீங்கி மூடிய நிலையில் அவனைப் பார்த்ததும் அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"நல்லா இருந்த கண்ண என்னலா செஞ்சீங்க? பெருசாத்தானே ஆயிட்டு வந்துச்சி!"

நான் விளக்கினேன். அவள் கேட்கவில்லை. கணவர்தான் அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார்.

வீக்கம் வடிந்தது. அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பேருந்தில் தவறாமல் கொண்டுவந்தார்கள். ஒரு வருகையில் மருத்துவர் வலது கண் போய்விட்டது என்றார். இடது கண்ணில் விழித்திரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒண்ணு போதும் மிஸி" என்றார் கணவர். "எங்க லோரிக்கும் ஒரு லைட்டுதான் எரியிது." அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்று இருவரும் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

அடுத்த முறை வந்தபோது அவன் நன்றாகக் கொழுத்திருந்தான். குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான். சொட்டு விட்டேன். பெஞ்சில் அவனை மடியில் படுக்கவைத்துக் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். சற்று நேரத்தில் நிமிர்ந்தாள்.

"மிஸி, இன்னிக்கி மருந்து சரியா பிடிக்கல. கறுப்பா வரல. உள்ள வெள்ளையா என்னமோ தெரியிது."

குனிந்து பார்த்தேன். கண்மணி நன்றாக விரிந்திருந்தது. இடது கண்தான். உள்ளே பால் நிறத்தில் ஒரு திரை நின்றது. மருத்துவர் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"இன்னொரு சொட்டு போடுங்களேன்."

"போதும்கா. டாக்டர் பாக்கட்டும்."

"பழைய மருந்தா இருக்குமோ? புது புட்டிய உடைங்களேன், மிஸி."

மருத்துவர் பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, அவர்களிடம் சொல்லும்படி மலாயில் சொன்னார். சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். விழித்திரை முழுதும் பிரிந்துவிட்டது. மறுபடி உறைய வைத்துப் பயனில்லை. வெளிநாட்டில் அறுவை செய்கிறார்கள், செய்தாலும் பார்வை கிடைப்பது அபூர்வம். இது யார் தவறும் இல்லை. அதே வரிசையில் சொன்னேன். வரிசையால் எந்தப் பயனும் இருக்கவில்லை.

"வெளிச்சமாச்சும் தெரியுமா?" என்றார் கணவர்.

டார்ச்சை அடித்துக் காட்டினேன். குழந்தை இமைக்கவில்லை. அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, இன்னும் கிட்டே கொண்டுபோய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். பிறகு அணைத்து, மேசையில் சத்தமில்லாமல் வைத்தார்.

அவள் அழவில்லை. "அடுத்து எப்ப வரணும், மிஸி?"

"குழந்தை டாக்டர்கிட்ட போகணும்கா. எடை பாக்க, ஊசி போட."

"கண்ணுக்கு?"

"கண்ணுக்கு வர வேண்டாம்."

"வராம எப்படிலா?" என்றாள்.

மருந்து போட்ட கண் வெயிலில் கூசும், மூடிக்கொண்டு போங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்புவேன். அன்று சொல்லவில்லை. வாசலில் நல்ல வெயில். அவர் பையை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். அவள் படியில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, குழந்தையின் இரண்டு கண்ணுக்கும் நிழல் விழும்படி போட்டாள். காற்றில் அது விலகியது. மறுபடி சரிசெய்தாள். பிடித்துக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள்.