ஆறடித் தொட்டியும் ஐந்து தகடுகளும்

1. பூ விரியவில்லை

"தம்பி, பூ விரியவே மாட்டேங்குது. எறாலும் செத்துப் போச்சு. கொஞ்சம் வாரீங்களா?"

போனில் பேசியவர் தல்லாகுளம் கான்ட்ராக்டரின் மனைவி. நான் அவரை அக்கா என்பேன். அப்போது மதுரையில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கமீன் வாங்கி, அது செத்ததும் இன்னொரு தங்கமீன் வாங்குகிற நல்லவர்கள். கடல் இல்லாத ஊரில் ஹாலுக்குள் கடல் வைக்க ஆசைப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் கான்ட்ராக்டர் அண்ணன் ஒருவர்.

பூ என்று அக்கா சொன்னது அனிமோனை. பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் கடல் பிராணி, பார்க்கப் பூ மாதிரி இருக்கும். அவர்கள் வீட்டு க்ளௌன் மீன்கள் இரண்டும் அதன் விரல்களுக்குள்தான் குடியிருந்தன. பழைய மூன்றடித் தொட்டியில் அந்தப் பூவைப் பல வருஷமாக வளர்த்தது அக்கா. இறாலைப் பொடியாக நறுக்கி ஊட்டுவார். கரண்ட் போனால் உட்கார்ந்து கையால் தண்ணீரைக் கலக்குவார். சித்திரை வெயிலில் ஐஸ்கட்டியைப் பாலிதீன் பையில் கட்டி மிதக்கவிடுவார். அண்ணனின் வேலை, வருகிறவர்களிடம் "எல்லாம் நம்ம வளர்ப்புதான்" என்று சொல்வது.

2. ஐந்தடிக்குப் பலன் இல்லை

தொட்டியை மாற்றும் யோசனை சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. அங்கே நாலடித் தொட்டி வைத்துவிட்டார்கள். நல்லதண்ணீர்த் தொட்டிதான், நாலு ரூபாய் மீன்கள்தான். ஆனால் நாலு, மூன்றைவிடப் பெரியது.

"மாப்ள, அவுகளவிடப் பெருசா வேணும். எம்புட்டு ஆனாலும் பரவாயில்ல" என்றார் அண்ணன்.

ஐந்தடி போதும் என்றேன். மறுநாள் சமயநல்லூரிலிருந்து வாஸ்து ஐயா ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"மனையடி சாஸ்திரமே ஆறடியிலதான் ஆரம்பிக்குது. அஞ்சடிக்குப் பலனே எழுதல. பலன் இல்லாதத வீட்ல வைக்கலாமா?"

"அது ரூம் நீளத்துக்குச் சொன்னதுங்கய்யா."

"மீனுக்கு அதானப்பா ரூம்."

நான் டேப்பை எடுத்து ஆறடி அளந்தேன்.

ஆறடி முடிவானது. இடம் ஈசானிய மூலை. அங்கே காலை வெயில் நேராக அடிக்கும், கண்ணாடி பூராவும் பாசி பிடிக்கும் என்றேன். சூரியனே வந்து பார்க்கிற தொட்டி என்று ஐயா சந்தோஷப்பட்டார். புதுத்தொட்டியை ஒரு மாதமாவது சும்மா ஓடவிட்டு, தண்ணீர் பக்குவமான பிறகு பூவை மாற்றலாம் என்றேன். சம்பந்தி ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றார் அண்ணன். சம்பந்தியைத் தள்ளிப்போட முடியுமா? பூவைத்தான் முன்னால் தள்ள முடியும். பழைய பாறைகளையும் பழைய தண்ணீரையும் சேர்த்தே மாற்றினால் தாங்கும் என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டேன்.

"பூவுக்கு ஒன்னும் ஆகாதுல்ல தம்பி?" என்று அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆகாதுக்கா."

தண்ணீர் நிரப்பப் போன அன்று, நான் கழுவிக் கொடுத்திருந்த மணல் ஏற்கெனவே தொட்டிக்குள் பரப்பிக் கிடந்தது. கண்ணாடியில் குங்குமப் பொட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம். நல்ல நேரம் பார்த்துத் தாங்களே மணலை நிரவிவிட்டதாக அண்ணன் சொன்னார். ஒரு வேலை மிச்சம் என்று நானும் நினைத்தேன்.

3. செம்பு

சம்பந்தி வந்தார், பார்த்தார், வயிறெரிந்து போனார். அந்த வகையில் தொட்டி முழு வெற்றி. அதற்குப் பிறகுதான் சாவு தொடங்கியது. முதலில் நத்தைகள். அடுத்து, தொட்டியைச் சுத்தம் செய்ய விட்டிருந்த இறால். இப்போது பூ சுருங்கி, முஷ்டி மாதிரி மூடிக்கொண்டுவிட்டது.

நான் போவதற்குள் அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார். கடல்தண்ணீர் கலக்கக் கடைக்காரன் டூப்ளிகேட் உப்பு கொடுத்துவிட்டான். இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியிருந்தார். கடல்தொட்டி வைத்திருந்த இன்னொரு வாடிக்கையாளர் என் கடைக்கே வந்து, "அந்த உப்புதான் எனக்கும் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஊரில் எனக்கு வேறு சொத்து கிடையாது, பெயர் மட்டும்தான்.

உப்பின் அளவு பார்த்தேன், சரி. பி.எச். சரி. அமோனியா இல்லை. மீன்கள் ஜம்மென்று இருந்தன. அந்தத் தொட்டியில் முதுகெலும்பில்லாதவை மட்டும்தான் செத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் மட்டும் விதிவிலக்கு. அப்படிப் பார்த்துப் பார்த்துக் கொல்வது செம்பு.

"அண்ணே, தொட்டிக்குள்ள செம்பு ஏதும் போட்டீங்களா?"

"செம்பா? வாளியிலதான்யா மோந்து ஊத்துனோம்."

"அந்தச் செம்பு இல்லண்ணே. காப்பர். வயர், காசு, அந்த மாதிரி."

"வயர எதுக்குய்யா தண்ணியில போடப்போறேன்? மொதல்ல நீ குடுத்த உப்பப் பாரு."

கதவோரம் நின்ற அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, ஐயா குடுத்த தகடு?"

"அது யந்திரத் தகடு. அதப்போயி இவன்ட்ட எதுக்குச் சொல்ற?"

"என்ன தகடுண்ணே அது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "செப்புத் தகடு" என்றார், செப்பு வேறு செம்பு வேறு என்பதுபோல.

நான் ஏதாவது சொல்வதற்குள் அக்கா தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு மூலை மணலைத் தோண்டினார். உள்ளங்கை அகலத்தில் பச்சை பூத்த தகடு ஒன்று வந்தது. கட்டம் போட்டு எழுதிய எழுத்தெல்லாம் அரித்துப் போயிருந்தது. எழுதியது முழுக்கத் தண்ணீரில் கரைந்திருந்தது. மூலைக்கு ஒன்றாக நான்கு எடுத்தோம்.

"அம்புட்டுத்தானேண்ணே?"

"நடுவுல ஒன்னு இருக்கு."

நடுவில்தான் பூ உட்கார்ந்திருந்த பாறை.

4. கண்டம்

பாறையைத் தூக்கியதும் பூ அதிலிருந்து தானாகக் கழன்றது. அக்கா இரண்டு கையாலும் ஏந்தினார். அது சளிபோல விரலிடுக்கில் வழிந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பின்கட்டில் கிடந்த மூன்றடித் தொட்டியைக் கழுவி, புதிதாக உப்புத்தண்ணீர் கலந்து மீன்களை அதில் விட்டோம். ஒண்ட இடமில்லாமல் இரண்டும் சுற்றிச் சுற்றி வந்தன. அக்கா கையை உள்ளே வைத்ததும் அவர் விரல்களுக்குள் நுழையப் பார்த்தன. அவர் கையை எடுக்கவில்லை.

அதற்குள் அண்ணன் ஆள் அனுப்பி வாஸ்து ஐயாவை வரவழைத்திருந்தார். தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஐயாவின் முகம் மலர்ந்தது.

"யந்திரம் பலமா வேலை செஞ்சிருக்கு. இந்த வீட்டுக்கு வரவேண்டிய கண்டத்த அந்தச் சீவன் வாங்கிக்கிருச்சு."

அண்ணனுக்கு உயிர் வந்தது. "பாத்தியா மாப்ள? நாந்தேன் உன் உப்பத் தப்பா நெனைச்சுட்டேன். தொட்டியக் கழுவி அடுத்த செட்ட எறக்கு. தகடும் புதுசாப் போட்டுருவோம்."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"ஐயா, அடுத்த கண்டத்துக்குப் பூவெல்லாம் வேணாம். நீங்களே எறங்கிருங்க. ஆறடிதான, கால நீட்டிப் படுக்கலாம்."

ஐயா கொடுத்த மோரைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பினார். ஆறடித் தொட்டியில் பிறகு தங்கமீன் விட்டார்கள். மூன்றடித் தொட்டி அக்காவோடு பின்கட்டில் இருந்தது. அதற்கு நான் வேறொரு பூ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீரைப் பரிசோதிக்கிற கிட் எந்தக் கடையிலும் கிடைக்கும். வீட்டுக்காரரை அவர் புழங்கும் சொல்லால்தான் பரிசோதிக்க முடியும். அதன் பிறகு நான் எந்த வீட்டிலும் செம்பு போட்டீர்களா என்று கேட்டதில்லை. மணலைக் கொட்டுவதற்கு முன்பே, "தகடு ஏதும் போட்டிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுவேன்.

பாதிப் பேர் இல்லை என்பார்கள். மீதிப் பேர், "இல்லண்ணே. எத்தன போடணும்?" என்பார்கள்.