திருக்காட்டுப்பள்ளி ராலியும் ஒரு கம்பெனி சீட்டும்

ராலி என்றால் எனக்கு மலையும் செம்மண்ணும்தான். கோவைப் பக்கம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன், சிக்மகளூர் காப்பித் தோட்டங்களுக்குள் ஓடியதையும் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர் வயல்களுக்கு நடுவே கார் ராலி என்று நண்பர் சொன்னபோது, ஏதோ மாட்டுவண்டிப் பந்தயத்தைச் சொல்கிறார் என்றே நினைத்தேன். விசாரித்தால் உண்மை. பிப்ரவரி கடைசி, சம்பா அறுவடை முடியும் நேரம். அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பும், மேலாளரின் முகச்சுளிப்பும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் தஞ்சாவூர். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை இருநூற்றைம்பது ரூபாய், கொசு இலவசம். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் எட்டு ரூபாய், ஒரு மணி நேரம். நான் தோளில் மாட்டியிருந்த கேமராவைப் பார்த்து நடத்துநர் கேட்டார், “ரேஸ் பாக்கவா போறீங்க? எங்க வண்டியையும் சேத்துக்கச் சொல்லுங்க. இந்த டிரைவர் போற போக்குக்கு நாங்கதான் ஃபர்ஸ்ட்டு.” திருவையாறு தாண்டியதும் அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்று புரிந்துவிட்டது.

ராலிக் கார்கள் நின்ற இடம் ஓர் அரிசி ஆலையின் களம். வழக்கமாக நெல் காயும் சிமென்ட் தரையில் அன்று ஜாக்கியும் டயருமாகக் கிடந்தது. பெரிய அணிகளுக்குப் பந்தல், மின்விசிறி, சீருடை போட்ட மெக்கானிக்குகள். ஓரத்தில் வேப்பமரத்தடியில் பழைய கார் ஒன்று. அதன் முன்சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தவர்தான் ஓட்டுநர் என்று சொன்னபோது நம்பச் சிரமமாக இருந்தது.

பெயர் இளங்கோவன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பூதலூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். இவர் மஸ்கட்டில் ஒரு கல்குவாரியில் தண்ணீர் லாரி ஓட்டி, மூன்று மா நிலம், அதாவது ஓர் ஏக்கர், வாங்கிக் கொடுத்திருக்கிறார். மிச்சப்பணம் முழுவதும் இந்தக் காருக்குள் போய்விட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாதையை வாசித்துச் சொல்பவர் ரஹ்மத்துல்லா. ராஜகிரிக்காரர், மஸ்கட்டில் அறைத் தோழர், இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார்.

“இதுல மூணு ஜாதி இருக்கு சார்,” என்றார் ரஹ்மத்துல்லா. “அப்பா காசுல ஓட்டுறவன், சொந்தக் காசுல ஓட்டுறவன், கம்பெனி காசுல ஓட்டுறவன். மாப்ள ரெண்டாவதுல மாட்டிக்கிட்டான். மூணாவதுக்குத் தாவணும்.”

தாவுவது அத்தனை சுலபமில்லை. கார் தயாரிக்கும் கம்பெனி அணி வைத்தால் காரும் டயரும் மெக்கானிக்கும் அவர்களே தந்து, சம்பளமும் தருவார்கள். அந்த மாதிரி இருக்கைகளை நாடு முழுக்க எண்ணினாலும் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். வேகம் மட்டும் போதாது. காரை உடைக்காமல் கொண்டுவர வேண்டும், கார் என்ன செய்கிறது என்று இன்ஜினியருக்கு விளக்கத் தெரிய வேண்டும், பத்திரிகைக்காரர்கள் முன்னால் சிரிக்க வேண்டும். அந்த வருடம் ஒரு கம்பெனி அணியில் ஓர் இருக்கை காலி. இளங்கோவனுக்கும் கோவையைச் சேர்ந்த கார்த்திக் என்ற இளைஞனுக்கும்தான் போட்டி. அணியின் மேலாளர் நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார்.

“கெடைச்சா மஸ்கட் விசாவக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கயே இருந்துடுவேன் சார். கெடைக்கலன்னா அடுத்த மாசம் லீவு முடியுது,” என்றார் இளங்கோவன், முடுக்குவதை நிறுத்தாமல்.

போட்டி வாய்க்கால் கரைச் சாலையில். ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். காலைச் சுற்றில் இளங்கோவனுக்கு எட்டு விநாடி முன்னிலை. எனக்கே விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. கூச்சத்தில் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டேன்.

மதியச் சுற்றுக்கு ஒரு மதகை ஒட்டிய வளைவில் போய் நின்றேன். மேலாளரும் அங்கேதான் நின்றார், கையில் ஸ்டாப்வாட்ச். வளைவைத் தாண்டிய நேர்ச்சாலையில் பாதி அகலத்துக்கும் மேல் மஞ்சளாக ஏதோ விரித்திருந்தது. பார்த்தால் நெல்! டெல்டாவில் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. சாலை என்பது பஸ் போகாத நேரத்தில் களம்தானே. ஆனால் ராலி நடக்கும் சாலையில்? வளைவில் நிற்க வேண்டிய தன்னார்வலர்கள் இரண்டு பேரும் புளிசாதப் பொட்டலத்தோடு மரநிழலில் ஒதுங்கியிருந்தார்கள்.

அவர்களை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் முதல் கார் சத்தம் கேட்டுவிட்டது. நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கரையில் ஏறிக்கொண்டார்கள். கார்த்திக்கின் கார் வேகம் குறையாமல் நெல்லின் மேலேயே ஏறியது. வால் இரண்டு முறை ஆடி நிமிர்ந்து போய்விட்டது. நெல் வாய்க்காலில் மழைபோல் விழுந்தது.

“அய்யோ, பாவிங்களா!” என்று ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நிமிட இடைவெளியில் இளங்கோவன் வந்தார். பெண்கள் யாரும் சாலையில் இல்லை. குறுக்கே கிடந்தது நெல் மட்டும்தான். பிரேக் விளக்கு எரிந்தது. கார் கிட்டத்தட்ட நின்று, இடது சக்கரங்களைக் கரை மண்ணில் இறக்கி, நெல்லை ஒட்டியபடி ஊர்ந்து, தாண்டிய பிறகுதான் மறுபடி சீறியது. மேலாளர் வாட்சைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது காரைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனேன். பெயர் வசந்தா. “ஈரம் கூட இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல திருப்பிட்டாங்கய்யா. களத்தக் காருக்காரங்களுக்கு விட்டுட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் இந்த ரோட்டுல பஸ்ஸே வராதுன்னு மைக்குல சொல்லிட்டுப் போனாங்க. காலையில எல்லாக் காரும் போயிடுச்சு. இப்ப சைரன் வச்ச காரு வேற வந்துச்சா, சரி, எல்லாம் முடிஞ்சுதான்னு பாத்துட்டுப் போவுதுன்னு நெனச்சுக் கொட்டிட்டோம்.” சைரன் வைத்த கார், போட்டி தொடங்கப்போகிறது என்று எச்சரிக்க முன்னால் வரும் கார். அவரை என்ன சொல்ல முடியும்? இத்தனை கிலோமீட்டர் சாலையை வெயிலில் வெறுமனே போட்டுவைத்தால் நானாக இருந்தாலும் கொட்டியிருப்பேன்.

களத்துக்குத் திரும்பியபோது ரஹ்மத்துல்லா நடுவர்களிடம் முறையிட்டு முடித்திருந்தார். இரண்டு காருக்கும் ஒரே சாலை, ஒரே நெல், எடுத்த நேரம் எடுத்ததுதான் என்று சொல்லிவிட்டார்களாம். இளங்கோவன் இப்போது பதினாறு விநாடி பின்னால். கார்த்திக் வெளுத்துப்போய் நின்றான். “நெல்லுன்னு சத்தியமா தெரியாதுங்ணா. மணல்னு நெனச்சுட்டேன்,” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மேல் கோபப்படலாம் என்றுதான் வந்தேன், முடியவில்லை.

மேலாளர் வேப்பமரத்தடிக்கு வந்தார். “ஏன் பிரேக் போட்டீங்க? வழுக்கி கார் வாய்க்கால்ல எறங்கிடும்னா?”

அது நல்ல கேள்வி. ஆமாம் என்றால் போதும். காரைக் காப்பாற்றத் தெரிந்தவன் என்று பெயராகும். சொல்லித் தொலையுமய்யா என்று மனதுக்குள் கத்தினேன்.

“இல்ல சார். நெல்லு மேல ஏத்த மனசு வரல.”

“நாளைக்கு வேற எதுக்கெல்லாம் மனசு வராது?”

“நெல்லுக்கு மட்டும்தான் சார்.”

மேலாளர் சிரித்தார். உடனே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. “எங்கப்பாவும் விவசாயிதான். ஒங்க எடத்துல நான் இருந்திருந்தாலும் பிரேக்தான் போட்டிருப்பேன். அதனாலதான் இளங்கோவன், நான் ஓட்டாம ஸ்டாப்வாட்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.” தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இருக்கை கார்த்திக்குக்கு. அன்று மாலை பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது என்பதை மறைப்பானேன்.

இனி போக நினைப்பவர்களுக்கு. வெயில் பிப்ரவரியிலேயே சுடும், தொப்பி அவசியம். திருக்காட்டுப்பள்ளியில் சாப்பாட்டுக்குப் பிரச்சினையில்லை, இரவு ஒன்பதுக்கு மேல் தஞ்சாவூருக்கு பஸ் குறைவு. ஒருநாள் கூடுதலாக இருந்தால் கும்பகோணமும் திருவிடைமருதூரும் பார்த்துவிடலாம். ராலி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து களத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். சொந்தக் காரில் வருபவர்கள் சாலையில் நெல்லைக் கண்டால் ஓரமாக இறக்கிப் போங்கள், உங்களுக்கு யாரும் நேரம் குறிக்கவில்லை.

போன வாரம் மஸ்கட்டிலிருந்து இளங்கோவன் பேசினார். மறுபடி அதே தண்ணீர் லாரி. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

“இல்லாம இருக்குமா சார்? படுத்தா அந்த வளைவுதான் வருது. ரஹ்மத்து வாசிக்கிறான், நான் ஓட்டுறேன். இந்தத் தடவ ஏத்திடணும், ஏத்திடணும்னுதான் வர்றேன்,” என்றார். “ஒவ்வொரு தடவையும் கால் பிரேக்குக்குத்தான் போவுது சார்.”