குண்டத்தில் மெதுவாக நடந்தவர்

சர்க்கரை வந்தால் வாயைக் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அது காலில் போய் உட்கார்ந்துகொண்டது. பிரேசர் டவுன் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது, தெரியுது" என்றார் இவர். ஒருமுறை தொடாமலேயே கேட்டார். அதற்கும் "தெரியுது". டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"கால்ல சுட்டா அந்தச் சேதி நரம்பு வழியா முதுகுத்தண்டுல ஏறி மூளைக்குப் போகணும்மா. ஒடம்புலயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போறதுதான். சுகர் அதைத்தான் மொதல்ல கெடுக்கும். இனிமே செருப்பில்லாம வாசல் தாண்டவே கூடாது."

ஆனால் ஜோகுபாளையத்து அம்மன் கோயில் தீமிதிக்கு இவர் ஏற்கெனவே காப்புக் கட்டியிருந்தார். சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "அம்மாவப் பத்தி டாக்டருக்கு என்னடி தெரியும்?" என்றார். பிடித்த பிடியை விடுகிற ஆளா?

மற்ற வருஷங்களில் குண்டத்தில் ஓடுவார். எல்லோருமே ஓடத்தான் செய்வார்கள், சூடு ஓட வைக்கும். இந்த வருஷம் கையில் வேப்பிலையோடு, சாயங்காலம் ஏரிக்கரையில் உலாத்துகிறவர் போல நடந்தார். கூட்டம் "தாயே!" என்று அலறியது. அவர் காலில் விழ முண்டியடித்தார்கள். பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. அந்தக் காலைத் துடைக்க ஒரு துண்டு வேண்டுமே என்று மட்டும் தோன்றியது.

கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, ஆஸ்பத்திரியில் வலது கால் விரல்களை எடுத்தார்கள். மிச்சக் கால் நிலைக்குமா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். கட்டுப் பிரிக்கும்போது நர்ஸ் கன்னடத்தில், "நோவாக்தா இதியா அங்கிள்?" என்று வலிக்கிறதா எனக் கேட்டாள். "இல்லம்மா" என்றார், பெருமையாக.

அவள் போனதும் என் முகத்தைப் பார்த்தார். "இடது கால் நல்லாத்தான்டி இருக்கு. வேணும்னா தொட்டுப் பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கை எழவில்லை. "தெரியுதா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "தெரியுதே. உன் கை சில்லுனு இருக்கு."

என் கைகள் இரண்டும் என் மடியில் கிடந்தன. "ஆமாங்க, இப்பதான் தண்ணியில கை கழுவிட்டு வந்தேன்" என்றேன்.