வளைவில் நின்ற கரும்பு

மேஸ்திரி கம்பத்து உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி, கையிலிருந்த ஸ்பேனரைக் கரும்பு வயலை நோக்கி நீட்டித் திட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. "இது எப்படா மொளச்சுது?" என்று கீழே நின்ற என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் நட்டு வைத்தது போல.

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடும் ரயிலில் பயணிகளுக்கு இணையம் கொடுக்க, தண்டவாளத்தை ஒட்டிக் கம்பம் நட்டு உச்சியில் வயர்லெஸ் பெட்டி மாட்டுவது எங்கள் வேலை. ஒரு பெட்டி அடுத்த கம்பத்துப் பெட்டியை நேராகப் பார்க்க வேண்டும். நடுவில் எது மறைத்தாலும் அந்த இடத்தில் இணையம் அறுந்துவிடும். வில்லியனூருக்கு மேற்கே தண்டவாளம் வளைகிற இடத்தில் அந்தப் பார்வை ஒரு கரும்பு வயலின் மூலையைத் தாண்டிப் போகிறது. இடம் பார்க்க வந்த இன்ஜினியர்கள் கரும்பு வெட்டி முடிந்த சமயத்தில் வந்து, மொட்டை வயலைப் பார்த்துக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் போனபோது கரும்பு எங்கள் பெட்டிக்கு மேலே தோகையை ஆட்டிக்கொண்டிருந்தது. உயரமான கம்பம் கேட்டதற்கு, சோதனை ரயில் ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பாகூரில் செங்கல் சூளை, தவளக்குப்பத்தில் பஞ்சர் கடை என்று எங்கேயும் நிலைக்காதவன். இந்த வேலை போனால் எனக்கு இன்னொன்று. மேஸ்திரிக்கு அப்படியில்லை. வில்லியனூர் பக்கத்தில் மாதா கோயில் தெருக்காரர். கல்யாணமான நாளிலிருந்து கேபிள் இழுக்க வடநாடெல்லாம் அலைந்தவர். மகள் நடக்கத் தொடங்கியதைப் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். சோதனையில் தேறினால் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைப்போம், அது நீங்கள்தான் என்று அதிகாரி சொல்லியிருந்தார். இனி ராத்திரிச் சாப்பாடு வீட்டில்தான் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

கரும்புக்கார அக்காவிடம் போய் நின்றோம்.

"மூலையில மட்டும் கொஞ்சம் வெட்டிக் குடுத்தீங்கன்னா..." என்று மேஸ்திரி இழுத்தார்.

"ஆலைலேர்ந்து வெட்டு ஆர்டர் வராம ஒரு கழியத் தொட மாட்டேன். அப்பறம் உன் நெட்டா வந்து என் கரும்ப அரைக்கும்?"

திரும்பி நடந்தவர்களை அவளே கூப்பிட்டாள். "விட்டம் கட்ட ஆளு கெடைக்கலப்பா. நீங்க கட்டிக் குடுங்க. உச்சி தானா எறங்கும்."

காற்றில் சாயாமல் இருக்க, பக்கத்துப் பக்கத்து வரிசைக் கரும்பை வளைத்து இழுத்து, அதன் காய்ந்த தோகையான சோகையாலேயே சேர்த்து முடிவதுதான் விட்டம் கட்டுவது. வயர்லெஸ் வேலைக்கு வந்த நாங்கள் வயலுக்குள் இறங்கினோம். சோகை கையை அறுத்தது. வியர்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. வரப்பில் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு. "இன்னா மேஸ்திரி, ஒயரு கணக்கா முறுக்குற? கரண்டா பாயப் போவுது?"

"பாயும்கா, பாயும். என் தலையெழுத்தே இதுலதான் பாயணும்."

சோதனை ரயில் அந்த வளைவைத் துளி தடங்கல் இல்லாமல் கடந்தது. ரயில் பெட்டிக்குள் இருந்தவர்கள் கை தட்டினார்களாம். மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டு என் முதுகில் ஓர் அறை வைத்தார். மறுவாரம் அதிகாரி போன் செய்தார். இந்தப் பகுதியில் கோளாறே இல்லை, எல்லாவற்றையும் சென்னையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம், ஆள் தேவையில்லை. ஒடிசாவில்தான் தினமும் தலைவலி, நீங்கள் அங்கே போங்கள் என்றார்.

"சார், அது கரும்பக் கட்டி வெச்சதால வந்துச்சு சார். அடுத்த வருசம் மறுபடி வளந்து நிக்கும் சார்."

"நல்ல ஐடியா. அந்த அம்மாவையே வருஷா வருஷம் கட்டச் சொல்லிடுங்க."

மேஸ்திரி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார். வேலையைக் கெடுத்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நான் விழுப்புரத்தில் மூட்டை ஏற்றுகிறேன். காலை ரயிலில் சில நாள் மேஸ்திரியின் மகளைப் பார்ப்பேன். விழுப்புரத்தில் கல்லூரி படிக்கிறாள். போன வாரம் எதிரில் உட்கார்ந்து, ரயில் இணையத்தில் ஒடிசாவிலிருந்த அப்பாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலை நரைத்திருந்தது. "லீவு கேட்டியாப்பா, இல்லியா?" என்று அதட்டினாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றுவிட்டது.

"கரும்பு வந்துடுச்சிண்ணா" என்றாள் என்னிடம், ஸ்டேஷன் பெயரைச் சொல்வது போல.

வாய் திறந்தபடி நின்ற அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வளைவைத் தாண்டியதும் மறுபடி கூப்பிட்டாள். அவர் கம்பத்தில் ஏறிவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பக்கம் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.