மேல்வீட்டுக்காரர் எழுதும் உயில்

கிரேன் கோபுரத்தில் ஏறும்போது முதல் மேடை வந்ததும் மேல்வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்தபடி நின்று, அண்ணாந்து பார்த்து, "இதோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார். மேலே யாரும் இல்லை. அவருடைய நாற்காலி மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது மேடையிலும் இதையே சொல்வார். ஐந்தாவது மேடைக்குப் போவதற்குள் குரல் தேய்ந்து, ஆளும் ஒரு சாப்பாட்டுப் பை அளவுக்குச் சுருங்கிவிடுவார். பிறகு கிரேனின் கண்ணாடிக் கூண்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். சாயங்காலம் வரை இறங்கமாட்டார்.

நான் அந்தக் கட்டுமானத்தில் சாமான் கிடங்கு பார்க்கிறவன். கட்டடம் பதினான்கு மாடி எழும்பிவிட்டது. அதற்கும் மேலே உட்கார்ந்து வேலை செய்வதால் அவர் எங்களுக்கு மேல்வீட்டுக்காரர். வாக்கி டாக்கியிலும் அவர் 'மேல்வீடு'தான். தரையில் நின்று கொக்கியில் பாரம் மாட்டிவிட்டு, எப்போது தூக்கவேண்டும், எங்கே இறக்கவேண்டும் என்று சொல்கிறவர் 'கீழ்வீடு'. அவர் மேல்வீட்டுக்காரருடைய காலமான மனைவிக்கு அண்ணன். மச்சான், மாப்பிள்ளை உறவு. ஆறு வருடமாக, கட்டடம் மாறினாலும், இருவரும் காலையிலிருந்து மாலை வரை ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். தூக்கு, இறக்கு, நிறுத்து, மெதுவா, இடப்பக்கம், வலப்பக்கம். அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்ற ஒரு சொல் கிடையாது.

"வேற ஆள் போடச் சொல்லட்டுமாண்ணே?" என்று மேல்வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? அந்த ஆள் சொன்னா கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கலாம்."

"அப்ப ஏன் பேசுறதில்ல?"

"அது வேற, இது வேற" என்று போய்விட்டார்.

போன மாதம் கிடங்கு வாசலில் வந்து நின்று ஒரு நோட்டு கேட்டார். கோடு போட்டதா, போடாததா என்றேன். "போட்டதே குடு. எனக்கு எழுத்து மாடிப்படி மாதிரி ஏறிக்கிட்டே போகும்." எதற்கு என்று கேட்டதற்கு, உயில் எழுதவேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஒற்றை அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மெத்தை, மடக்கு நாற்காலி ஒன்று, மூலையில் கரகரக்கும் ரேடியோ.

"சிரிக்காத தம்பி. வீடு வாசல் இருக்கிறவன் அதைப் பிரிச்சுக் குடுக்கிறான். எங்கிட்ட இருக்கிறது என் புத்தி ஒண்ணுதான். அதுல கெட்டுப்போகாத பகுதியாப் பார்த்து என் பொண்ணுக்கு எழுதி வைக்கிறேன்."

மகளுக்கு ஏழாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. "அது மூஞ்சியைப் பார்த்துட்டா அப்புறம் எனக்குக் கொஞ்சத்தான் தோணும், எழுதத் தோணாது."

தரையில் அவருக்கு எழுத்து ஓடாது. "கீழ உக்காந்தா பல்பு மாத்தணும், துணி துவைக்கணும்னுதான் நெனப்பு வருது. மேல போனாத்தான் நான் என்ன நெனைக்கிறேன்னு எனக்கே தெரியுது" என்பார். அதிலும் பனிமூட்டம் இருக்கும் காலைதான் தோது. கீழ்வீட்டுக்குக் கொக்கி கண்ணில் படாதவரை கிரேன் அசையக்கூடாது என்பது சட்டம். எங்களுக்கெல்லாம் எரிச்சலான அந்த இரண்டு மணி நேரம் அவருக்குக் கொண்டாட்டம்.

அப்படி ஒரு காலையில் பேட்டரி கொடுக்கும் சாக்கில் நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப்போனேன். கூண்டைச் சுற்றி ஊரே இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்றின் தலையும், தூரத்தில் இன்னொரு கிரேனின் கையும் வெள்ளைக்கு மேலே நின்றன. அடியிலிருந்து சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஏறி வந்தன. ஒரு பேருந்தின் ஹாரன். எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. யாரோ வாளியைக் கவிழ்த்து வைக்கும் ஓசை. அவர் முழங்காலில் துண்டைப் போர்த்திக்கொண்டு, தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று தெரியாத முகத்தோடு இருந்தார். நோட்டை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு. இரவல் வாங்கின குடையை மழை நின்ன அன்னைக்கே திருப்பிக் குடுத்திடு. ரெண்டு. கோபம் வந்தா மாடிப்படி ஏறு. உச்சிக்குப் போறதுக்குள்ள பாதி போயிடும். மீதிப் பாதிக்கு அப்பா பொறுப்பில்ல. மூணு. பாரத்தோட ஒருத்தர் வந்தா முதல்ல கதவைப் பிடி, விசாரிப்பு அப்புறம்."

ஆறு வரை இப்படியே போயிற்று. ஏழு என்ற எண்ணுக்கு எதிரே ஒன்றுமில்லை. அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது.

"யார்கிட்டயும் பகை வச்சுக்காதேன்னு எழுதினேன். அழிச்சேன். திரும்ப எழுதினேன்."

"ஏண்ணே?"

அவர் மோவாயால் நேர் கீழே காட்டினார். அங்கே பனி மட்டும்தான் தெரிந்தது. "பொய்யை எழுதி என் பொண்ணு கையில குடுக்கச் சொல்றியா?" என்றார். அந்த வரி முடியாமல் உயில் முடியாது, அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்ற வியாழக்கிழமை மறுபடி பனி. வேலை நின்று, ஆளுக்கொரு மூலையில் குந்தியிருந்தோம். என் மேசைமேல் இருந்த வாக்கி டாக்கி திடீரென்று, "ஒண்ணு, இரவல் வாங்கின குடையை..." என்றது. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்குச் சாப்பாட்டுப் பை அவருடைய வாக்கி டாக்கியின் பொத்தான்மேல் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. ஒருவர் பொத்தான் அமுங்கியிருக்கும்வரை மற்ற யாரும் பேச முடியாது. நிறுத்துங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வழியில்லை. பனிக்குள் அங்கங்கே பத்துப் பதினைந்து இடத்திலிருந்து அதே குரல் வந்தது. குடைக்குச் சிரித்தார்கள், மாடிப்படிக்கும் சிரித்தார்கள்.

"ஏழு. அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணலாம்னு உன் மாமா சொன்னாரு. அம்மா திரும்பி வரல. அன்னைக்கு எல்லார் முன்னாடியும், நீதான் அவளைக் கொன்னேன்னு மாமாவைப் பார்த்துச் சொன்னேன். நீயும் பக்கத்துல நின்னே. அதை நீ நம்பியிருப்பே. நம்பாதம்மா. ஆஸ்பத்திரிக் காகிதத்துல கையெழுத்துப் போட்டது நான். யாரும் என் கையைப் பிடிச்சுப் போட வைக்கல. அவ பொழைச்சிடுவான்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு. அதை ஒத்துக்கத் தைரியம் இல்லாம பழியை அவர் தலையில வச்சிட்டேன். ஆறு வருஷமா அதைச் சுமந்துக்கிட்டு அவர் கீழ நிக்கிறாரு. அதனால ஏழாவது சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. உன் மாமாவைக் கேட்டு எழுதிக்கோ."

பை நகர்ந்திருக்கவேண்டும். குரல் அறுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கிடங்குக் கதவு வழியாகக் கீழ்வீட்டுக்காரரின் ஆரஞ்சுச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வாக்கி டாக்கியை வாய்வரை கொண்டுபோய் இரண்டு முறை இறக்கினார்.

"மேல்வீடு. கீழ்வீடு பேசுறேன்."

"சொல்லு." வேலைக் குரல். மனிதருக்கு ஒன்றும் தெரியாது.

"கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"எல்லாமே."

கீழ்வீட்டுக்காரர் பொத்தானை மறுபடி அமுக்கினார்.

"அந்தக் காகிதத்துல ரெண்டு கையெழுத்து இருந்துச்சு. சாட்சிக் கையெழுத்து என்னோடது. அதையும் சேர்த்து எழுது, மாப்ள."

என் பக்கத்தில் நின்ற கம்பி கட்டுகிறவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது.

பத்து மணிவாக்கில் பனி இளகி, கூண்டின் கண்ணாடியில் கொஞ்சம் வெயில் பட்டது. யாரும் சொல்லாமலே கொக்கி இறங்க ஆரம்பித்தது. அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து ஆடாமல் அசையாமல் வந்து, கீழ்வீட்டுக்காரரின் நெஞ்சுக்கு நேரே நின்றது. கூண்டு வாசல்வரை கொக்கியை இழுத்து அவர் மாட்டிவிட்ட சாப்பாட்டுப் பை அதில் தொங்கியது. பையில் நோட்டும் ஒரு பேனாவும் இருந்தன.

கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கவில்லை. கையுறை இரண்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, நோட்டை ஏழாம் எண்ணில் விரித்து, பல்லால் பேனாவின் மூடியைத் திறந்தார்.