நாகராசு பூசிய பைபர் வண்டி

புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் போகிற வழியில் எங்கள் பட்டறை இருந்தது. நான் தகரம் தட்டி ஒடுக்கு எடுக்கிறவன். நாகராசு பெயிண்ட் அடிக்கிறவன். கூரை இருவருக்கும் பொது. கோபத்தை மட்டும் அவன் முழுசாக எடுத்துக்கொண்டான். காயாத பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்த லாரிக்காரனைத் தெருமுனை வரை விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். டீ கிளாஸில் ஈ கிடந்ததற்காகக் கடைக்காரரோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தான். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அரண்மனைக் கார் கொட்டகையில் வேலை போய்ப் பட்டறைக்கு வந்தவன் அவன். யாராவது "அரண்மனைக்காரரே" என்று கேலி செய்தால் அன்றைக்கு வேலை நடக்காது. ஆனாலும் அவன் அடித்த பஸ்ஸின் பக்கவாட்டில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். அந்தக் கைக்காகத்தான் நான் அவன் வாயைப் பொறுத்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், திருவரங்குளத்தில் ரைஸ்மில் வைத்திருந்த ஆத்மநாதன் ஒரு பழைய சீமைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வால்பாறையில் தேயிலைத் தோட்டம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. இரண்டு பேர்தான் உட்காரலாம். உடம்பில் இரும்பே கிடையாது. கண்ணாடியை நூலாக இழுத்து, பசையில் ஊறப்போட்டு வார்த்த பைபர். தட்டினால் மரப்பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. என் சுத்தியலுக்கு அதில் வேலையே இல்லாததால் எனக்கு அந்த வண்டியை முதல் நாளே பிடிக்கவில்லை. மில்காரருக்கோ தலைகால் புரியவில்லை. துருவே பிடிக்காது, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று வழியில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

கதவுகளில் பழைய பெயிண்ட் நன்றாக இருந்தது. நாகராசு அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து விட்டுவிட்டான். பானெட்டும் பின்மூடியும் பொரிந்துபோயிருந்தன. அவற்றை மட்டும் நார் தெரிகிற வரைக்கும் தேய்த்தான். இரும்பு வண்டிக்குத் தேய்க்கிற மாதிரியே, வாளித் தண்ணீரில் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தான். இரும்பென்றால் ஒரு துணியால் துடைத்தால் தண்ணீர் போய்விடும். வெளியே அடைமழை. மில்காரருக்கு ஒரு கல்யாணத்துக்கு அந்த வண்டியில் போய் இறங்கவேண்டும் என்று அவசரம். மறுநாள் காலையிலேயே பிரைமர் ஏறியது. அதன்மேல் அரக்குச் சிவப்பு ஏறியது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

வண்டியை ஓட்டியவன் நல்லதம்பி. அதிர்ந்து பேசத் தெரியாதவன். மில் வளாகத்திலேயே ஓர் ஒற்றை அறை வீட்டில் மனைவி செவந்தியோடும் சின்னப் பெண் பொன்னுத்தாயோடும் குடியிருந்தான். வண்டியைக் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவான். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் முதலாளியிடம் முகம் சுளித்தான். குலதெய்வத்துக்குப் படையல் போட ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டு, மில்காரர் லீவு கொடுக்காதபோது. அது மாசி மாதம். அந்த மாதமே வெயில் ஏறியதும் பானெட்டில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது.

மில்காரர் வண்டியோடு பட்டறைக்கு வந்தார். நல்லதம்பிதான் ஓட்டிவந்தான். கையில் துடைக்கிற துணியோடு ஓரமாக நின்றான். பெயிண்டில் குற்றமா, இல்லை யாராவது எதையாவது ஊற்றினார்களா என்று மில்காரர் கேட்டார். 'பெயிண்டில் குற்றம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே நாகராசுவுக்கு மூக்கு விடைத்துவிட்டது. குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எம் பெயிண்டு பொங்காதுங்க. எவனோ எதையோ ஊத்தியிருக்கான்" என்று கத்தினான்.

அவ்வளவுதான். ஒரு மனிதனைக் கெடுக்க அது போதுமாக இருந்தது. மில்லில் பேட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட் இருந்தது. லீவு கிடைக்காத வஞ்சம் இருந்தது. இரண்டையும் மில்காரர் முடிச்சுப் போட்டுவிட்டார். நல்லதம்பியை ஊர் எல்லையில் இருந்த கருப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அவன் எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை அடித்து, நான் ஊற்றவில்லை என்றான். சத்தியம் செய்தவனை உடனே வெளியே தள்ள முடியாது. தெய்வம் சொல்லட்டும் என்று மில்காரர் காத்திருந்தார்.

பங்குனியில் பொன்னுத்தாய்க்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் கொப்புளம்.

வண்டிக்கு வந்தது பிள்ளைக்கும் வந்துவிட்டது, பொய்ச் சத்தியம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று ஊர் பேசியது. எனக்கு இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பங்குனியில் திருவரங்குளத்தில் தெருவுக்குத் தெரு வேப்பிலை தொங்கியது. மில்காரரின் சொந்த மருமகளுக்கே போட்டிருந்தது. அந்த வீட்டில் யார் பொய்ச் சத்தியம் செய்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பணக்காரன் வீட்டுக்கு வந்தால் ஆத்தா விளையாட வந்தாளாம், டிரைவர் வீட்டுக்கு வந்தால் தண்டிக்க வந்தாளாம். நல்ல நியாயம்!

வண்டி எங்கள் பட்டறையில்தான் கிடந்தது. அம்மைச் செய்தி வந்த நாளிலிருந்து நாகராசு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் பிளேடை எடுத்துக்கொண்டு பானெட் முன்னால் குந்தினான். கொப்புளத்தின் மேல்தோல் பளபளவென்று முழுசாக இருந்தது. ஆசிட் என்றால் மேலேயிருந்துதான் தின்னும். நிறம் வெளுத்துப் பொத்தல் விழுந்திருக்கும். கீறினான். பிசுபிசுவென்று ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்து என்னிடமும் நீட்டினான். ஆசிட் நெடி இல்லை, தேங்கிய தண்ணீரின் புளித்த வாடை அடித்தது. பிரைமரும் சேர்ந்து உரிந்து, அடியில் நார் ஈரமாகத் தெரிந்தது.

பிறகு வண்டி முழுக்கத் தடவினான். பானெட்டில் கொப்புளம். பின்மூடியில் கொப்புளம். கதவில் ஒன்றுகூட இல்லை. கழுவுகிறவன் எதையாவது ஊற்றியிருந்தால் கதவை மட்டும் விட்டுவிட்டா ஊற்றுவான் என்று நான்தான் கேட்டேன். நாகராசு உரித்த இடத்தின்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துச் சுற்றிலும் பட்டிப் பசையால் அடைத்து, வண்டியை வெயிலில் தள்ளினான். மத்தியானத்துக்குள் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டியது. தேய்த்தபோது அவன் ஊற்றிய தண்ணீரை அந்த நார் குடித்து வைத்திருந்தது. அவன் அதன்மேல் பெயிண்டை அடித்து மூடிவிட்டான். மழைக்காலம் முழுக்க உள்ளேயே கிடந்த ஈரம் வெயில் பட்டதும் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டது.

நாகராசு தன் வாளியை உதைத்த உதையில் அது சாலைக்கே போய்விட்டது. தன்னைத்தானே அவன் திட்டிய வார்த்தைகளை அச்சில் போட முடியாது. சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினான். வழியில் யாரையாவது அடித்துவிடுவான் என்று பயந்து நானும் கூடவே போனேன். நேரே மில்லுக்குப் போய், ஊரைக் கூட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன் என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான்.

மில் வளாகத்துக்குள் நுழைந்தால் முதலில் நல்லதம்பி வீடுதான். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் வெளியே கட்டிவைக்கப்பட்டிருந்தன. எங்களைப் பார்த்து நல்லதம்பி வெளியே வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். பிள்ளை கண் திறக்காமல் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், கருப்பர் முன்னால் போய் நான்தான் ஆசிட் ஊற்றினேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டான். மில்காரர் போலீசுக்குப் போகாமல் வேலையை விட்டு மட்டும் நிறுத்தினாராம். என்ன ஒரு பெரிய மனசு! ஒத்துக்கொண்ட மறுநாளே பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்றுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்களாம்.

நாகராசு தண்ணீர், நார், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். சொல்லி முடித்து மில் பக்கம் திரும்பியவன் கையை நல்லதம்பி எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, போகாதீங்க. நான் ஊத்தலைன்னு எனக்குத் தெரியாதாண்ணே? நீங்க போயி உண்மையச் சொன்னா, நான் கருப்பர்கிட்ட ஒத்துக்கிட்டது பொய்யாயிரும். திரும்பப் பிள்ளைக்கு வந்துருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அம்மைக்கும் இதற்கும் என்னடா சம்பந்தம், முட்டாள், நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும்தான் போடுகிறது என்று நாகராசு கத்தினான். அவன் கத்தியதில் பாதி அழுகை. உள்ளேயிருந்து செவந்தி நிலைப்படி வரை வந்தாள். வெளியே வரவில்லை.

"ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேண்ணே. எம் பிள்ளை இப்பத்தான் கஞ்சி குடிக்கிறா. அங்கிட்டு எதையும் பேசாம ஊரு போயிச் சேருங்க" என்றாள்.

நாங்கள் பஸ் ஏறித் திரும்பிவிட்டோம். அவர்கள் விராலிமலைப் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே லாரி ஓட்டப் போன இடத்திலும் ஆசிட் ஊற்றியவன் என்ற பேர் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த வண்டியை நாகராசு திரும்பச் செய்தான். பானெட்டையும் பின்மூடியையும் கழற்றி, சொட்டுத் தண்ணீர் படாமல் சுரண்டினான். சித்திரை, வைகாசி முழுக்க வெயிலில் காயப்போட்டான். தினமும் கண்ணாடியை வைத்து வைத்துப் பார்த்தான். அது கொஞ்சமும் வியர்க்காத நாளில்தான் பெயிண்டைத் தொட்டான். மில்காரர் ஆள் மேல் ஆள் அனுப்பினார், வந்தவர்களையெல்லாம் விரட்டினான். தன் ஆயுசில் அவ்வளவு நல்ல வேலை அவன் செய்ததில்லை.

அடுத்த மழையும் போய், அடுத்த மாசி வெயிலும் வந்தது. பெயிண்ட் அசையவில்லை. மில்காரர் புது டிரைவரோடு பட்டறை வாசலில் வந்து இறங்கினார். அரக்குச் சிவப்பின்மேல் உள்ளங்கையால் தடவி, அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாத்தியா நாகராசு, அந்தப் பய போனான், ஒரு கொப்புளம் இல்ல. கருப்பர் காட்டிக் குடுத்துட்டாரு."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நாகராசுவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. இதோ வெடிக்கப்போகிறான் என்று நான் அவன் தோளைப் பிடிக்கப் போனேன். செவந்தி கையெடுத்துக் கும்பிட்டது அவனுக்கும் நினைவு வந்திருக்கவேண்டும். பட்டறைக்குள் போய், சுவரைப் பார்த்தபடி, அன்றைக்கு யாரும் கேட்காத ஒரு பலகையைத் தேய்க்க ஆரம்பித்தான்.