வெள்ளிக்கிழமைக் கவிதை

குரோம்பேட்டை சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் மூக்கு நுனியில். ஜி.எஸ்.டி. ரோடில் டி.வி. கடை வைத்திருந்த கணவர் ஏகநாதன், "நீ எழுதற அன்னிக்கு நான் கடையிலேயே படுத்துக்கறேன்" என்பார். தபாலாபீஸ் வேலைக்கும் சமையலுக்கும் நடுவே எழுதிக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு கவிதையால் பெயர் வாங்கினாள். பெயர் வந்ததும் கோபத்துக்கும் ஓர் அந்தஸ்து வந்துவிட்டது.

1996இல் தாம்பரத்துக் கல்லூரி ஒன்று அவளைப் படைப்பிலக்கிய வகுப்புக்கு அழைத்தது. முதலில் மாணவர்கள் எழுதியதைப் பிய்த்து உதறினாள். "இது கவிதையா, கல்யாணப் பத்திரிகையா?" என்று ஒருவனைக் கேட்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று. "கண்ணால பாத்ததை எழுதுங்க, பயப்படாம எழுதுங்க" என்றாள். வகுப்பே அவளை முறைத்தது. பேராசிரியர் யக்ஞநாராயணன் மட்டும் விடாமல் தலையாட்டினார்.

பிறகு தன்னுடைய 'வெள்ளிக்கிழமை'யை வாசித்தாள். அடுத்த மாதம் வரப்போகும் முதல் தொகுப்புக்கும் அதுதான் தலைப்பு. தெருவில் அவள் வீட்டில் மட்டும் டி.வி. இருந்த காலத்தில் எழுதியது. வெள்ளி மாலை சினிமாப் பாட்டுக்குத் தெருவே கூடத்தில் வந்து உட்காரும்.

விளக்கை அணைக்கிறோம்
படம் நன்றாகத் தெரிய.
எதிர்வீட்டுக்காரி இருட்டுக்காகவே வருகிறாள்
வீங்கிய கன்னம் தெரியாமலிருக்க.

மற்ற இடங்களில் இந்த வரிக்குக் கைதட்டுவார்கள். இங்கே ஒருவரும் தட்டவில்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, அது எங்கம்மா."

உற்றுப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. எதிர்வீட்டுப் பச்சையம்மாவின் மகள் காந்தா. கவுனோடு டி.வி.யை ஒட்டி உட்காரும் குழந்தை.

"பத்திரிகைல வந்ததை டீக்கடைல ஒருத்தர் எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டிட்டாரு. 'ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியா'ன்னு வுட்ட உதைல எங்கம்மாவுக்கு ஒரு காது போச்சு. அப்பறம் உங்க வூட்டுக்கு அனுப்பவே இல்ல. வாரத்துல அந்தக் கொஞ்ச நேரம்தான் அது நிம்மதியா உக்காந்துகினு இருந்துச்சு."

அவர்கள் வராமல்போனது சாமுண்டீஸ்வரிக்கு நினைவிருந்தது. சொந்தமாக டி.வி. வாங்கிவிட்டார்கள், அதுவும் நம் கடையில் வாங்கவில்லை என்று ஏகநாதனிடம் குறைப்பட்டிருந்தாள். அவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோனபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"புக்குலேர்ந்து அதை எடுத்துடுங்கக்கா."

சாமுண்டீஸ்வரிக்கு இருக்கும் பெயரே அந்த ஒரு கவிதையால் வந்ததுதான். வாய் முந்திக்கொண்டது. "அதெப்படிம்மா? நான் யார் பேரும் போடலையே. அந்த மாதிரி எத்தனையோ பொம்பளைங்க. அவங்களுக்காகத்தான் எழுதினேன்."

"கன்னம் வீங்கினது தெரிஞ்சுதில்ல? ஒரு நாளாச்சும் இன்னாம்மா ஆச்சுன்னு கேட்டீங்களா?"

"காந்தா, ப்ளீஸ், சிட் டவுன். கெஸ்ட் கிட்ட இப்படியா பேசறது?" என்றார் யக்ஞநாராயணன். அவள் உட்காரவில்லை. பக்கத்துப் பெண்களும் எழுந்து நின்றார்கள். கல்யாணப் பத்திரிகைக்காரன், "பதில் சொல்லுங்க மேடம்" என்றான்.

சாமுண்டீஸ்வரிக்கு அத்தனை பேர் எதிரில் மாட்டிக்கொண்ட ஆத்திரம் ஒரு பக்கம். அதையும் மீறி வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் தணிந்த குரலில் கேட்டாள்.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

காந்தா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இன்னாத்துக்குக் கேக்கறீங்க? இன்னொன்னு எழுதறதுக்கா?"

அவள் வெளியே போக, முக்கால்வாசி வகுப்பும் பின்னாலேயே போயிற்று.

சாமுண்டீஸ்வரி ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அச்சகத்துக்குப் போன் செய்து, அந்தக் கவிதையை எடுத்துவிடச் சொன்னாள். தலைப்பையும் மாற்றச் சொன்னாள். மின்ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மனம் கொஞ்சம் ஆறியது. வண்டி சானடோரியம் தாண்டுவதற்குள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் ஒரு பெண்ணைப் பற்றி முதல் வரி தானாகவே வந்து நின்றது. சீ என்றிருந்தது சாமுண்டீஸ்வரிக்கு. வரி நன்றாகவும் இருந்தது.